உளியைப் பிடித்த கை

அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் வைத்து விளையாடாத பிள்ளைகள் நெல்லைச் சீமையில் குறைவு. மஞ்சக் கடம்பு போன்ற மரத்தைக் கடைசல் பட்டறையில் சுழலவிட்டு உளியால் உருவம் எடுப்பார்கள். சுழலும்போதே அரக்குக் கட்டியை அழுத்தினால் அந்தச் சூட்டில் உருகி நிறம் பிடித்துவிடும். இங்கே உளியைப் பிடித்திருப்பது கடைசல்காரரின் கை. உளி அதிகமாகக் கடித்தால் கை தானாகவே தளர்ந்து கொடுக்கும்.

இரும்பைக் கடைய அந்தக் கை போதவில்லை. பிரான்சில் வோகான்சோன் 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே உளியை நகரும் இரும்புப் பிடிக்குள் பூட்டிவிட்டார். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே 1800ஐ ஒட்டி அதோடு மறைத்தண்டையும் பல்சக்கரங்களையும் சேர்த்தார். புகழ் என்னவோ மாட்ஸ்லேக்குத்தான் போனது!

ஆரம்பத்தில் டூல் என்பது முழு எஃகுக் கட்டை. டெய்லரும் ஒயிட்டும் உருவாக்கிய ஹைஸ்பீட் ஸ்டீல் 1900இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. செக்கச்செவேல் என்று பழுத்தாலும் வெட்டும். ஆனால் விலை அதிகம். அதனால் நுனிக்கு மட்டும் நல்ல எஃகு, அதைப் பிடித்துக்கொள்ளச் சாதாரண இரும்பு என்று டூல் ஹோல்டர் பரவியது. 1927இல் ஜெர்மனியின் குருப் கம்பெனி 'விடியா' என்ற கார்பைடைக் கொண்டுவந்தது. நம்மூர் லேத் பட்டறைகளில் எந்தக் கம்பெனி கார்பைடு என்றாலும் அது 'விடியா டூல்'தான்.

ஆக, டூல் ஹோல்டர் பிறந்ததே சிக்கனத்துக்காக. அதிலும் சிக்கனம் பிடிக்கும்போதுதான் வினை. வீட்டில் சின்ன லேத் வைத்திருப்பவர்கள் மலிவான ஹோல்டர் செட் ஒன்றை வாங்குகிறார்கள். பார்வைக்குப் பளபளப்பு. ஆனால் அடிப்பாகம் சமமாக இருக்காது. இறுக்கும் திருகு நாலு தடவை முடுக்கியதும் மழுங்கிவிடும். கார்பைடு உட்காரும் இடம் கோணலாக இருந்தால் நுனி நடுமட்டத்துக்கு வராது.

அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 100 மி.மீ. விட்டமுள்ள ஜாபில் அரை மி.மீ. இறங்கினால் வெட்டும் கோணம் அரை டிகிரிக்குச் சற்று மேல்தான் மாறும். அதே இறக்கம் 10 மி.மீ. கம்பியில் கிட்டத்தட்ட 6 டிகிரி! நுனி இறங்கினால் கம்பி டூல் மேல் ஏறப் பார்க்கும், ஏறினால் டூல் வெட்டாமல் உரசும். சின்ன லேத்தில் பெரும்பாலும் சின்ன ஜாப்தான் என்பதால் அடி அங்கேதான் விழுகிறது. போதாக்குறைக்கு, டூல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. ஹோல்டரில் மிச்சம் பிடித்த காசு, கெட்டுப்போன ஜாபுகளில் போய்விடும்.

திருச்செந்தூரை ஒட்டிய ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சல்ல. படகு எஞ்சினுக்குக் கடைந்த புஷ் லூசாக இருந்தால் தெரிய வருவது நடுக்கடலில்தான்.

பழைய லேத்துக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். டூல் நுனிக்கும் உருண்டைக் கம்பிக்கும் நடுவே மெல்லிய ஸ்கேலை லேசாகக் கவ்வவைப்பார்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் மட்டம் சரி. தலை ஆளின் பக்கம் சாய்ந்தால் டூல் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். உடனே தேய்ந்துபோன ஹாக்ஸா பிளேடை ஒடித்து டூலுக்கு அடியில் சொருகுவார்கள். ஒரு துண்டு வைத்தால் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக உயரும்.