பாலைவனத்தில் காத்திருக்கும் போர் விமானங்களும் மண்ணில் புதைந்த எஃப்-111களும்

2000ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி இரவு, சிட்னி ஒலிம்பிக் போட்டிகளின் நிறைவு விழாவில், ஹோம்புஷ் அரங்கின் மேலாக ஒரு போர் விமானம் நெருப்பு வாலை நீட்டியபடி பறந்து சென்றது. அணைக்கப்பட்ட ஒலிம்பிக் சுடரை வானுக்கு எடுத்துச் செல்வது போன்ற காட்சியை அது உருவாக்கியது. அரங்கில் இருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான், தமிழர்கள் கணிசமாக வாழும் ஸ்ட்ராத்ஃபீல்ட் இருக்கிறது.

அந்த விமானம் ஆஸ்திரேலிய விமானப் படையின் எஃப்-111 ரகக் குண்டுவீச்சு விமானம். வெளியேற்றப்பட்ட எரிபொருள், எஞ்சினின் பின்னெரியூட்டியால் பற்றவைக்கப்பட்டதால் எழுந்ததுதான் அந்த நெருப்பு. பதினொரு ஆண்டுகள் கழித்து, 2011 நவம்பரில், இதே ரகத்தைச் சேர்ந்த 23 விமானங்கள் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள ஒரு குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டன.

நாட்டின் பெரும்பகுதி வறண்ட நிலமாக உள்ள ஆஸ்திரேலியா, தனது போர் விமானங்களை அமெரிக்கா போலப் பாலைவனத்தில் நிறுத்தி வைக்காமல் ஏன் மண்ணில் புதைத்தது? ஓய்வுபெற்ற ஒரு போர் விமானத்தின் முடிவை எவை தீர்மானிக்கின்றன என்பதை இந்தக் கேள்விக்கான விடை விளக்குகிறது.

பாலைவனம் ஏன்?

உலகின் மிகப் பெரிய போர் விமானச் சேமிப்பிடம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரை ஒட்டிய டேவிஸ்-மான்தன் விமானப் படைத் தளத்தில் உள்ளது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946ல் இது தொடங்கப்பட்டது. சுமார் 2600 ஏக்கர் பரப்பில் மூவாயிரத்துக்கும் அதிகமான விமானங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மக்கள் இதனை 'விமானங்களின் இடுகாடு' என்று அழைப்பது வழக்கம்.

இந்த இடம் தெரிவு செய்யப்பட்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, மழையும் ஈரப்பதமும் குறைவு என்பதால் உலோகம் துருப்பிடிப்பது மிக மெதுவாகவே நடக்கும். இரண்டாவது, அங்குள்ள மண் கெட்டியானது. பல டன் எடையுள்ள விமானங்களைக்கூட கான்கிரீட் தளம் ஏதும் அமைக்காமல் வெறும் தரையிலேயே இழுத்துச் சென்று நிறுத்தலாம்.

அங்கு வரும் விமானம் முதலில் கழுவப்படுகிறது. கப்பல்களில் இருந்து இயங்கிய விமானங்களில் கடல் உப்பு படிந்திருக்கும் என்பதால் இது மிக அவசியம். துப்பாக்கிகளும், ஆபத்துக் காலத்தில் விமானியை வெளியே எறியும் இருக்கையின் வெடிமருந்தும் அகற்றப்படுகின்றன. எரிபொருள் வடிக்கப்பட்டு, குழாய்களைப் பாதுகாக்க மெல்லிய எண்ணெய் செலுத்தப்படுகிறது. இடைவெளிகள் ஒட்டுநாடாவால் அடைக்கப்படுகின்றன. இறுதியாக, வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்ணிறப் பூச்சு மேற்பகுதியில் தெளிக்கப்படுகிறது. இல்லாவிட்டால் மூடிய விமானத்தின் உட்பகுதி அடுப்பைப் போலச் சூடாகி, மின்கம்பிகளும் கருவிகளும் பழுதாகிவிடும்.

இடுகாடல்ல, பண்டகசாலை

இறந்துபோன ஒன்றுக்கு இவ்வளவு பராமரிப்பு செய்யப்படுவதில்லை. உண்மையில் இது ஒரு பண்டகசாலை என்பதே பொருத்தம். மீண்டும் பறக்கக்கூடும் என்று கருதப்படுபவை, உதிரிப்பாகங்களுக்காக வைக்கப்படுபவை, விற்கவோ உடைக்கவோ வேண்டியவை என்று விமானங்கள் வகைபிரிக்கப்படுகின்றன. 2008ல் இங்கு அனுப்பப்பட்ட பி-52 குண்டுவீச்சு விமானம் ஒன்று, ஏழு ஆண்டுகள் வெயிலில் நின்றபின், 2015ல் மீண்டும் பறந்து படைச் சேவைக்குத் திரும்பியது.

இங்கு விமானங்கள் அழிக்கப்பட்டதும் உண்டு. 1991ல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட ஆயுதக் குறைப்பு உடன்பாட்டின்படி, 365 பி-52 விமானங்கள் துண்டிக்கப்பட்டன. சுமார் ஆறு டன் எடையுள்ள இரும்புக் கத்தி பாரந்தூக்கியில் இருந்து அவற்றின் மீது போடப்பட்டது. மறுதரப்பின் செயற்கைக்கோள்கள் பார்த்து உறுதிசெய்துகொள்வதற்காக, வெட்டிய துண்டுகள் மூன்று மாதங்கள் திறந்த வெளியிலேயே விடப்பட்டன.

ஆக, சேமித்து வைத்த விமானத்துக்கு மதிப்பு இருக்கிறதா என்பது, அதே ரகத்தைச் சேர்ந்த விமானங்கள் வேறெங்காவது பறந்துகொண்டிருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. பறக்கும் விமானத்துக்குத்தான் உதிரிப்பாகம் தேவை.

அவ்வாறு பறப்பவை யார் கையில் உள்ளன என்பதும் முக்கியம். எஃப்-14 ரக விமானத்தை அமெரிக்கக் கடற்படை 2006ல் ஓய்வுபெறச் செய்தபோது, அதை வைத்திருந்த ஒரே மற்ற நாடு இரான். உதிரிப்பாகங்கள் இரானைச் சென்றடையலாம் என்ற அச்சத்தால், சேமிப்பில் இருந்த எஃப்-14களைத் துண்டு துண்டாக நொறுக்கும் பணி 2007ல் தொடங்கியது.

அரிசோனாவின் வாடிக்கையாளர்

ஆஸ்திரேலியாவுக்கும் விமானங்களைக் குவித்து வைத்த அனுபவம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தெற்கெல்லையில், மர்ரி ஆற்றங்கரையில் உள்ள டோக்கம்வால் தளத்தில் நூற்றுக்கணக்கான விமானங்கள் நிறுத்தப்பட்டன. அமெரிக்கத் தயாரிப்பான லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களும் அவற்றில் அடங்கும். அவை பின்னர் உடைக்கப்பட்டு, அலுமினியத்துக்காக உருக்கப்பட்டன. இன்று மெல்பர்னை அடுத்த வெரிபியில் மீளமைக்கப்பட்டுவரும் ஒரு லிபரேட்டரின் உடற்பகுதி, விக்டோரியா மாநிலத்தின் மோ நகரில் தனியார் இடமொன்றில் பல தசாப்தங்கள் கிடந்து, 1995ல் மீட்கப்பட்டதாகும்.

எஃப்-111 விமானங்களை வாங்க ஆஸ்திரேலியா 1963ல் முடிவு செய்தது. பறக்கும்போதே இறக்கைகளை விரிக்கவும் பின்னோக்கி மடக்கவும் வல்ல முதல் தொடர் தயாரிப்புப் போர் விமானம் இது. தொழில்நுட்பக் கோளாறுகளால் ஏற்பட்ட நீண்ட தாமதத்துக்குப் பின், 1973ல்தான் அவை குயின்ஸ்லாந்தின் ஆம்பர்லி தளத்தை வந்தடைந்தன. முதலில் வந்த 24 விமானங்கள், விபத்துகளில் இழந்தவற்றுக்கு ஈடாகப் பெற்ற 4, பின்னர் 1990களில் வாங்கிய 15 என மொத்தம் 43 விமானங்களை ஆஸ்திரேலியா பயன்படுத்தியது. இவற்றில் எட்டு விபத்துகளில் அழிந்தன.

இந்த விமானங்கள் மற்ற நாடொன்றின் மீது ஒருபோதும் குண்டு வீசவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 2003ல் ஆஸ்திரேலியாவுக்கு ஹெராயின் கடத்தி வந்து பிடிபட்ட 'பொங் சு' என்ற வடகொரியக் கப்பலை, 2006 மார்ச்சில் ஓர் எஃப்-111 குண்டுவீசிக் கடலில் மூழ்கடித்தது.

அமெரிக்க விமானப் படை தனது கடைசி எஃப்-111களை 1990களின் இறுதிக்குள் விலக்கிவிட்டது. அதன் பின்னர் உலகில் இவற்றைப் பறக்கவிட்ட ஒரே நாடாக ஆஸ்திரேலியா விளங்கியது. இறக்கைகளில் உலோகக் களைப்பால் வெடிப்பு ஏற்படும் ஆபத்து தெரியவந்தபோது, அரிசோனா பாலைவனத்தில் நின்ற அமெரிக்க எஃப்-111களின் இறக்கைகள் கழற்றப்பட்டு ஆஸ்திரேலிய விமானங்களில் பொருத்தப்பட்டன. பண்டகசாலை எதற்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

ஆனால் 2010 டிசம்பர் 3ஆம் தேதி ஆஸ்திரேலியாவும் எஃப்-111களை விலக்கிக்கொண்டபோது நிலைமை மாறியது. இந்த ரகத்தில் பறக்கும் விமானம் உலகில் எதுவும் இல்லை. எனவே உதிரிப்பாகங்களுக்கும் தேவை இல்லை. பாலைவனத்தில் சேமித்து வைப்பதற்கு இருந்த காரணமே மறைந்துவிட்டது.

புதைப்பதற்கான காரணங்கள்

உருக்கி விற்றிருக்கலாமே என்ற கேள்வி அப்போது எழுந்தது. எஃப்-111இன் பாகங்களை இணைக்கப் பயன்பட்ட பொருட்களில் ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார் இருந்தது. அதன் நுண்ணிழைகளைச் சுவாசித்தால் புற்றுநோய் வரலாம். அதைப் பிரித்தெடுக்க ஆகும் செலவு, கிடைக்கும் உலோகத்தின் விலையைவிட அதிகம்.

மற்றொரு காரணம் சட்டம் சார்ந்தது. அமெரிக்காவிடம் போர் விமானம் வாங்கும் நாடு, அதைத் தன் விருப்பப்படி விற்கவோ கொடுக்கவோ முடியாது. வாஷிங்டனின் அனுமதி தேவை. விமானத்துக்குப் பணம் கொடுத்தாலும், அதன் தொழில்நுட்பம் யாரைச் சென்றடையலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை விற்றவரிடமே இருக்கிறது.

இந்தப் பின்னணியில், ஆம்பர்லி தளம் அமைந்துள்ள இப்ஸ்விச் நகரின் ஸ்வான்பாங்க் குப்பைக் கிடங்கில் 23 விமானங்கள் புதைக்கப்பட்டன. எஞ்சியவற்றில் பல, தளங்களிலும் அருங்காட்சியகங்களிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒன்று ஹவாயில் உள்ள அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது.

எரிபொருள் தாங்கிக்குள் உழைத்தவர்கள்

விமானங்களின் கதை மண்ணுக்குள் முடிந்தாலும், அவற்றைப் பராமரித்தவர்களின் கதை அவ்வாறு முடியவில்லை. எஃப்-111இன் எரிபொருள் தாங்கிகளின் இணைப்புகளில் கசிவு ஏற்படுவது வழக்கமாக இருந்தது. 1970களின் பிற்பகுதி முதல் 1990களின் இறுதி வரை, விமானப் படைப் பணியாளர்கள் அந்தக் குறுகிய தாங்கிகளுக்குள் ஊர்ந்து சென்று, நச்சு இரசாயனங்களைக் கொண்டு பழைய பூச்சை அகற்றிப் புதிய பூச்சைப் பூசினர். குயின்ஸ்லாந்தின் வெப்பத்தில், போதிய பாதுகாப்பு இன்றி இந்த வேலை நடந்தது.

இதனால் நூற்றுக்கணக்கானோர் உடல்நலப் பாதிப்புக்கு உள்ளானதாக 2001ல் விமானப் படையின் விசாரணைக் குழு அறிக்கை அளித்தது. ஞாபக மறதி, மனச்சோர்வு, தோல் நோய்கள் உள்ளிட்ட பாதிப்புகளை 2004ல் வெளியான மருத்துவ ஆய்வு பதிவு செய்தது. 2005ல் அரசு 10,000 அல்லது 40,000 ஆஸ்திரேலிய டாலர் என ஒருமுறைக் கருணைத் தொகையை அறிவித்தது. அது போதுமானதல்ல, தகுதியானோர் பலர் விடுபட்டுள்ளனர் என்று எழுந்த முறைப்பாடுகளைத் தொடர்ந்து, 2009ல் நாடாளுமன்றக் குழு ஒன்று இதனை மீண்டும் ஆராய நேர்ந்தது.

உக்ரைன் கேட்ட ஹெலிகாப்டர்கள்

எஃப்-111 விடயத்தில் பெரிய சர்ச்சை எழவில்லை. ஆனால் ஐரோப்பியத் தயாரிப்பான டைபான் ஹெலிகாப்டர்கள் விடயத்தில் அது எழுந்தது. 2023 ஜூலை 28ஆம் தேதி குயின்ஸ்லாந்து கடலோரத்தில் ஒரு டைபான் விழுந்து நான்கு இராணுவத்தினர் உயிரிழந்தனர். 2024 இறுதியில் விலக்கப்படுவதாக இருந்த டைபான்கள் மீண்டும் பறக்கமாட்டா என்று 2023 செப்டம்பரில் அரசு அறிவித்தது.

அந்த ஆண்டு டிசம்பரில், அவற்றைத் தமக்குத் தருமாறு உக்ரைன் கோரியது. ஹெலிகாப்டர்களைப் பிரித்தெடுக்கும் பணி ஏற்கனவே தொடங்கிவிட்டது, அவற்றை மீண்டும் பறக்கும் நிலைக்குக் கொண்டுவருவது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று கூறி ஆஸ்திரேலியா 2024 ஜனவரியில் மறுத்தது. போரில் ஈடுபட்டுள்ள ஒரு நட்பு நாடு கேட்கும்போது, பல கோடி டாலர் பெறுமதியான ஹெலிகாப்டர்களைப் பிரித்துப் போடுவது சரியா என்ற விமர்சனம் உள்நாட்டிலும் எழுந்தது. பாதுகாப்பு உறுதிசெய்யப்படாத ஒன்றை இன்னொருவரின் விமானிகளுக்குக் கொடுக்கலாமா என்பது மறுபக்கக் கேள்வி.

இதற்கு மாறாக, எஃப்-18 ஹார்னெட் விமானங்களில் 25ஐக் கனடா வாங்கிக்கொண்டது. அதே ரகம் கனடாவில் பறந்துகொண்டிருந்ததே இதற்குக் காரணம். அவற்றில் ஏழு, உதிரிப்பாகங்களுக்காக மட்டுமே வாங்கப்பட்டன.

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் விமானங்களே நிற்பதில்லை என்று எண்ணிவிட வேண்டாம். நாட்டின் நடுவே உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தனியார் சேமிப்பிடம் ஒன்று உள்ளது. கோவிட் தொற்றுக் காலத்தில், 2020ல், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களின் பயணிகள் விமானங்கள் அங்கு நிறுத்தப்பட்டன. அவற்றுக்கும் பொருந்துவது அதே விதிதான். மீண்டும் பறக்கும் எதிர்பார்ப்பு இருந்ததால்தான் அவற்றுக்கு வாடகை கொடுக்கப்பட்டது.

அரக்கோணத்தில் இருந்து விசாகப்பட்டினத்துக்கு

தமிழ்நாட்டுக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. சோவியத் ஒன்றியத்திடம் இருந்து 1988ல் பெறப்பட்ட எட்டு டியூ-142 கண்காணிப்பு விமானங்கள், 1992 முதல் அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளத்தில் இருந்து இயங்கின. 2017 மார்ச் 29ஆம் தேதி அவற்றுக்கு அங்கேயே விடை கொடுக்கப்பட்டது. அவற்றில் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டு, அதே ஆண்டு டிசம்பரில் திறந்து வைக்கப்பட்டது.

நினைவாக எஞ்சுவது

ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், அல்பியன் பார்க் ரெயிலில் உள்ள விமான அருங்காட்சியகத்தில் ஓர் எஃப்-111 நிற்கிறது. விடுமுறை நாட்களில் அங்கு வரும் பிள்ளைகளுக்கு அது வியப்பூட்டும் இயந்திரம். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் வாழ்ந்து, பின்னர் புலம்பெயர்ந்து வந்த பெற்றோருக்கோ, போர் விமானம் என்பது பதுங்குகுழியின் நினைவு. ஆம்பர்லியில் பணியாற்றியவர்களுக்கு அது தாங்கிக்குள் சுவாசித்த இரசாயனத்தின் நினைவு.

பயன்படும் வரை பாலைவனம், பயன் முடிந்தபின் உலையோ மண்ணோ அருங்காட்சியகமோ என்பதுதான் போர் விமானங்களின் பொதுவான பாதை. இந்தப் பாதையில் ஒவ்வொரு திருப்பத்தையும் தீர்மானிப்பவை உதிரிப்பாகத்தின் தேவையும், விற்ற நாட்டின் அனுமதியும், நச்சுப் பொருளை அகற்றும் செலவுமே. விமானத்தை வாங்கும் நாளில் அறிவிக்கப்படும் விலையில் இந்தச் செலவுகள் இடம்பெறுவதில்லை. அவற்றை அடுத்த தலைமுறை வரிசெலுத்துவோரும், சில வேளைகளில் அந்த விமானத்தைத் தொட்டு வேலை செய்தவர்களின் உடலும் செலுத்துகின்றன.