ஐந்து மதிப்பெண் வினாவும் சண்டேசர் சிற்பமும்

கங்கைகொண்டசோழபுரத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்வது நமக்கு ஆண்டுதோறும் வாய்க்கும் பேறு. அரியலூரில் காலையிலேயே பேருந்து ஏறிவிட்டால், செயங்கொண்டம் வழியாக, வெயில் ஏறுமுன் கோயில் வளாகத்துக்குள் நின்றுவிடலாம். சென்ற முறையும் அப்படித்தான். விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி கண்டவர்கள், வடக்கு வாயிற்படியருகே வந்ததும் தாமாகவே நின்றார்கள். உமையோடு அமர்ந்த சிவபெருமான், கீழே கைகூப்பி அமர்ந்திருக்கும் அடியவரின் தலையில் மாலையைச் சுற்றுகிறார். குனிந்த அந்த முகத்தில் தெரிவது பணிவா, நிறைவா, குழந்தைமையா என்று பிரித்துச் சொல்ல நம்மால் இன்றுவரை இயலவில்லை. சண்டேசானுக்கிரக மூர்த்தி என்பது சிற்ப நூலார் வழங்கும் பெயர். பக்கச் சுவரில் கதையின் பிற காட்சிகள் சிறு சிறு சிற்பங்களாக உள்ளன.

இவையெல்லாம் வழக்கம்போல நடந்தவை. வழக்கத்துக்கு மாறானது அடுத்த வாரம், விடைத்தாள் திருத்தும்போது நடந்தது.

முதுகலைத் தமிழ் மாணவர்க்கு நாம் நடத்தும் ஒப்பிலக்கியத் தாளில், கிரேக்கத் தொன்மங்களையும் நம் புராணக் கதைகளையும் அருகருகே வைத்துப் படிப்பது ஒரு பகுதி. இடைத்தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் இரண்டு கேட்டிருந்தோம். முதல் வினா: அக்கிலீசின் குதிகால் பற்றிக் குறிப்பு வரைக. இரண்டாவது: கங்கைகொண்டசோழபுரச் சண்டேசர் சிற்பம் கூறும் கதையைச் சான்றுடன் எழுதுக. இரண்டாவதற்கு ஏறத்தாழ எல்லோரும் ஒரே விடையை எழுதியிருந்தார்கள். பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடிய கதையைச் சிற்பி கல்லில் வடித்தான் என்பது விடையின் முதல் வரி. நாம் கொடுத்த குறிப்பிலேயே அப்படித்தான் இருந்தது. ஒரே ஒரு மாணவி மட்டும், 'இச்சிற்பம் பெரியபுராணத்தைப் பார்த்துச் செய்யப்பட்டதன்று' என்று தொடங்கியிருந்தார். குறிப்பை மறந்துவிட்டு எதையோ எழுதியிருக்கிறார் என எண்ணி, ஐந்துக்கு இரண்டு போட்டோம்.

மறுநாள் தாளோடு வந்து நின்றார். "ஐயா, இராசேந்திரன் எப்போது இறந்தான்?"

"1044இல்."

"சேக்கிழார் எந்த அரசன் காலத்தவர், ஐயா?"

"இரண்டாம் குலோத்துங்கன்..." என்று சொல்ல ஆரம்பித்தவுடனேயே நமக்கு வியர்த்துவிட்டது. அவன் அரியணை ஏறியது 1133இல். கல்லுக்கும் நூலுக்கும் இடையே ஏறக்குறைய நூறாண்டு. நூல் தோன்றுமுன் அதைப் பார்த்துச் சிற்பி எப்படிச் செதுக்கியிருக்க முடியும்? இரு ஆண்டுகளையும் தனித்தனியே எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறோம். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத் தோன்றவேயில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே தாளின் முதல் வினாவில் இந்தப் பிழையைத்தான் மாணவர்களிடம் தேடித்தேடிச் சிவப்பு மையால் சுழித்திருந்தோம். அக்கிலீசைப் பற்றி அவர்கள் எழுதுவது இது: தாய் தெட்டிஸ் குழந்தையின் குதிகாலைப் பிடித்து ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கினாள், பிடித்த இடம் நனையவில்லை, அங்கே அம்பு பட்டு இறந்தான் என்று ஹோமர் கூறுகிறார். ஹோமர் கூறவில்லை! இலியட் காப்பியம் அக்கிலீசின் சாவுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. இறக்கும் தறுவாயில் எக்டர், 'பாரிசும் அப்போலோவும் உன்னைக் கொல்வார்கள்' என்று முன்னுரைப்பதோடு சரி. அங்கே குதிகால் இல்லை. அதுமட்டுமன்று, 21ஆம் காண்டத்தில் அஸ்டரோபையஸ் எறிந்த வேல் உரசி அக்கிலீசின் வலக்கையில் இரத்தம் பெருகுகிறது. குதிகால் தவிர வேறெங்கும் காயம்படாத உடம்பு என்பதை ஹோமர் அறியார் என்பதற்கு இந்த ஒரு காட்சியே போதும்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அப்போலோனியஸ் பாடிய காப்பியத்தில் ஆறு இல்லை, நெருப்பு இருக்கிறது. சாவை எரித்துப் போக்க நள்ளிரவில் தாய் குழந்தையைத் தீயில் இடுகிறாள்; தந்தை பார்த்து அலறுகிறான். ஆற்றில் முக்கிய கதை நமக்குக் கிடைக்கும் நூல்களில் முதன்முதலாக வருவது, கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீன் புலவர் ஸ்டேஷியஸ் பாடி முடிக்காமல் விட்ட அக்கிலீசு காப்பியத்தில்தான். ஹோமருக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள்.

ஆனால் காலில் அம்பு பட்டது என்ற செய்தி பழையது. கி.மு. 6ஆம் நூற்றாண்டு மட்கலம் ஒன்றில், வீழ்ந்து கிடக்கும் அக்கிலீசின் கணுக்காலருகே அம்பு தைத்திருக்கிறது. அந்தக் கலம் பிற்காலத்தில் தொலைந்துவிட்டது; வரைந்து வைத்த படம் எஞ்சியிருக்கிறது. குயவன் வரைந்துவிட்டான், புலவன் பாட நூற்றாண்டுகள் ஆயின. கிரேக்கத்துக் கலத்தில் இதைக் கண்டு வியந்த நாம், அன்றாடம் போகும் வழியில் இருக்கும் கல்லில் காணாமற்போனோம்.

(பண்டோராவின் 'பெட்டி'யும் இவ்வாறே. ஹீசியட் சொன்னது பெரிய மட்சாடி. நம் மொழியில் தாழி என்றால் பொருந்தும். 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் இலத்தீனில் எழுதும்போது அது சிமிழாயிற்று, அதன்பின் பெட்டியாயிற்று. முதுமக்கள் தாழி கிடைக்கும் நாட்டில் பிறந்தும் நாமும் பெட்டி என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம்.)

சண்டேசருக்கு வருவோம். பெரியபுராணத்துக்கு முன் இக்கதைக்குச் சான்று என்ன? தேடினால் கைநிறையக் கிடைக்கிறது. 7ஆம் நூற்றாண்டினரான சம்பந்தரும் அப்பரும் இக்கதையைச் சுட்டுகிறார்கள். தந்தையின் தாளை மழுவால் எறிந்தவர் என்பது சுந்தரரின் திருத்தொண்டத் தொகையிலேயே உள்ளது. இவற்றைவிட நம்மை நெகிழ வைத்தது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. இராசேந்திரனின் தந்தை முதலாம் இராசராசன் காலத்தில் அக்கோயிலில் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளின் பட்டியலில், சண்டேசருக்கு அருள்புரியும் தொகுதியும் இருக்கிறது. இறைவன், உமை, சண்டேசர் ஆகியோரோடு, வீழ்ந்து கிடக்கும் தந்தையின் படிமமும் தனியே சொல்லப்படுகிறது. கால் துண்டிக்கப்பட்டுத் தரையில் கிடப்பவரையும் வார்த்து, கணக்கில் ஏற்றி, கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சோழநாட்டுக் கோயில்களில் நிலம் விற்பதும் வாங்குவதும் சண்டேசுவரர் பெயரால் நடந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கங்கைகொண்டசோழபுரத்துச் சிற்பி எந்தப் புராண ஏட்டையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. கதை அவனைச் சுற்றிலும் இருந்தது. சேக்கிழாருக்கு முன்னே கோயில்கள் இருந்தன, திருமேனிகள் இருந்தன. அவர் அவற்றைக் கண்டு பாடியிருக்கலாம் என்று திருப்பிக் கேட்பதே பொருத்தமான கேள்வி.

கட்டுரை வினா என்றால் பத்துப் பக்கம் எழுதி அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். ஐந்து மதிப்பெண் வினாவில் அதற்கு இடமில்லை. 'புராணம் கூறுகிறது' என்று எழுதினால் எந்தப் புராணம், எப்போது என்ற கேள்வி அடுத்த வரியிலேயே வந்து நிற்கும். அன்று மாலை அம்மாணவியோடு அமர்ந்து விடையை மீண்டும் எழுதிப் பார்த்தோம். கடைசியில் வந்தது இது:

'வடக்கு வாயிலருகே உள்ள சிற்பம் சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டுவதைக் காட்டுகிறது. பக்கச் சுவரின் கதைக் காட்சிகள் இதை உறுதி செய்கின்றன. இக்கதை 7ஆம் நூற்றாண்டுத் தேவாரத்திலேயே சுட்டப்படுகிறது. இராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டில் இத்தொகுதியின் செப்புத் திருமேனிகள் குறிக்கப்படுகின்றன. சேய்ஞலூர், தந்தை எச்சதத்தன், மணலால் செய்த இலிங்கம், காலால் இடறிய பாற்குடம் என விரிவாக நாம் சொல்லும் கதை 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தின்படி. எனவே சிற்பம் பெரியபுராணத்துக்கு முந்தியது.'

ஆறே வாக்கியம். எதற்கு எது சான்று என்பது அதிலேயே தெரிகிறது.

மதிப்பெண்ணைத் திருத்தி நான்கு போட்டோம். ஐந்தும் போடாததற்குக் காரணம் உண்டு. தம் பழைய விடையின் கடைசி வரியில், 'மாலை சூட்டப்படுபவர் உண்மையில் இராசேந்திரனே' என்று எழுதியிருந்தார். கோயிலுக்கு வருவோர் பலரும் கேட்டுச் செல்லும் செய்திதான். அறிஞர்களிலும் அவ்வாறு கருதியோர் உண்டு. கங்கை வரை வென்ற மன்னனுக்கு இறைவனே முடிசூட்டுவதாகக் காண்பது அழகான எண்ணம். ஆயினும் சிற்பத்தருகே அவ்வாறு கூறும் கல்வெட்டு இல்லை. பக்கத்துச் சுவர் சொல்வது சண்டேசர் கதையை. அதைக் 'கருதுவர்' என்று எழுதலாம், 'உண்மையில்' என்று எழுதலாகாது என்றோம்.

"இராசேந்திரனுக்குச் சிவசரணசேகரன் என்று பட்டம் இருக்கிறதே, ஐயா? சிவன் காலடியைத் தலையில் சூடியவன். சிற்பத்திலும் அவர் காலடியில்தானே இருக்கிறார்?"

நல்ல கேள்வி. பட்டம் அவனுக்குரியது என்பதில் ஐயமில்லை. பட்டம் பக்தியைச் சொல்கிறது, சிற்பத்தில் இருப்பவர் யார் என்று சொல்லவில்லை என்று விடை கூறினோம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது அந்தக் கிரீடமில்லாத தலையை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.