கல்லான மரமும் நொறுங்கிப்போன எலும்பும்

எங்கள் ஆவுடையார்கோவில் கொடுங்கையை அண்ணாந்து பார்ப்பவர்கள் அதை மரச்சட்டம் என்றே நினைப்பார்கள். அத்தனையும் கல்! பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கதை நேர்மாறு. அங்கே இயற்கை ஒரு மரத்தையே கல்லாக்கி வைத்திருக்கிறது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்து மரம். நீளம் 18 மீட்டர்.

1940-ல் இதை அடையாளம் கண்டவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் (ஜி.எஸ்.ஐ.) சேர்ந்த டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன். பின்னாளில் அத்துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனார்.

பேலியண்டாலஜி என்றதும் நமக்கு ஜுராசிக் பார்க் சினிமாதான் ஞாபகம் வரும். உண்மையில் அது பொறுமையான மேஜை வேலை. 1857 முதல் 1860 வரை அரியலூர், திருச்சிப் பகுதிகளை ஆராய்ந்தவர் பிளான்ஃபோர்டு. இங்கே கிடைத்த சிப்பி, நத்தைப் புதைபடிவங்களைக் கல்கத்தாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விவரித்து எழுதியவர் ஸ்டோலிஸ்கா. அவர் 1874-ல் லடாக்கில் இறந்தபோது வயது 36.

அடுத்த கதைதான் மனதை உறுத்துகிறது. அரியலூர் அருகே கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஜி.எஸ்.ஐ. விஞ்ஞானிகள் 1987-ல் 'புருஹத்காயோசரஸ்' என்று பெயரிட்டார்கள். 'பேருடல் பல்லி' என்று அர்த்தம். கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர்! ஆனால் அந்த எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன. அது எலும்பா, சாத்தனூர் போல கல்மரமா என்றுகூட வெளிநாட்டில் சந்தேகப்பட்டார்கள். 2022-ல் பழைய புகைப்படங்கள் வெளியான பிறகுதான் டைனோசர் என்ற வாதம் வலுப்பெற்றது.

நான் பி.காம். மாணவன். வவுச்சர் இல்லாத கணக்கை எந்த ஆடிட்டரும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். தொல்லுயிரியலில் எலும்புதான் வவுச்சர். உலகின் மிகப்பெரிய டைனோசர்களில் ஒன்று நம் ஊரில் வாழ்ந்தது என்று அடித்துச் சொல்ல முடியாமல் நிற்கிறோம். தோண்டுவதோடு வேலை முடிவதில்லை. பிளாஸ்டர் போட்டுக் கட்டி, பத்திரமாகக் கொண்டுபோய், பாதுகாக்கவும் ஆள் வேண்டும்.

எனக்கு இனி அந்த வழி கஷ்டம். பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்குத் திறந்திருக்கிறது. பி.எஸ்சி., எம்.எஸ்சி. ஜியாலஜி படித்து, யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதினால் ஜி.எஸ்.ஐ.யில் சேரலாம். தாவரப் புதைபடிவங்களில் ஆர்வம் என்றால், 1946-ல் பீர்பால் சாஹ்னி லக்னோவில் தொடங்கிய ஆய்வு நிறுவனம் இருக்கிறது.

அடுத்த எலும்பு கிடைக்கும்போது, அதைக் காப்பாற்ற நம் பக்கத்து ஆள் ஒருவராவது அங்கே இருக்கட்டும்.