திறந்த மூலநிரலும் பராமரிப்பும்: கேரளக் கணினிகள் சொல்லும் ஒரு வரலாறு

2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. சில நாள்களுக்குள் கேரளத்தின் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் சில ஊராட்சி அலுவலகங்களின் கணினிகளும் முடங்கின. கோப்புகள் வேண்டுமென்றால் 300 டாலரை பிட்காயினாகச் செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பு மட்டுமே திரையில் நின்றது. அதே மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில், அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கணினிக் கல்வி குனு/லினக்ஸ் இயங்குதளத்தில் நடந்துவந்தது. வான்னாக்ரை, விண்டோஸின் கோப்புப் பகிர்வுச் சேவையில் இருந்த ஓட்டை வழியாகப் பரவியது. லினக்ஸில் இயங்கும் கணினிக்குள் அது நுழைய வழியில்லை.

இதைக் கொண்டு, திறந்த மூல இயங்குதளமே பாதுகாப்பானது என்று முடிவுகட்டிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறியதற்கும் தீநிரல் அச்சத்துக்கும் பெரிய தொடர்பில்லை.

2001 ஜூலையில், ரிச்சர்ட் ஸ்டால்மன் கலந்துகொண்ட நிகழ்வில், இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. கேரளப் பள்ளிகளுக்கான ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பொதுப்பணத்தில் நடக்கும் கல்வி ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளை மட்டும் கற்றுத்தரலாமா என்ற கேள்வியை ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எழுப்பினர். அடுத்த சில ஆண்டுகளில் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென ஓர் இயங்குதளம் உருவாக்கப்பட்டது. ஆசிரியர்களுக்கு அதை நிறுவவும் பழுதுபார்க்கவும் பயிற்சி தரப்பட்டது. பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வும் கட்டற்ற மென்பொருளிலேயே நடைபெறலாயிற்று. அன்றைய விவாதத்தின் சொற்கள் சுதந்திரம், செலவு, தாய்மொழி ஆகியவை. பாதுகாப்பு அவற்றின் உடன்விளைவாகவே வந்து சேர்ந்தது.

நடுவண் அரசின் பாதையும் ஏறத்தாழ அப்படித்தான் அமைந்தது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘பாஸ்’ இயங்குதளமும் டெபியன் வழிவந்ததே. இந்திய மொழிகளில் கணினியைப் பயன்படுத்துவது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. 2015இல் வெளியான திறந்த மூல மென்பொருள் கொள்கை, அரசுத் துறைகள் திறந்த மூலத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது; வெளிப்படைத்தன்மை, நம்பகம், குறைந்த செலவு ஆகியவற்றைக் காரணமாகக் காட்டியது. 2023இல் பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ‘மாயா’ இயங்குதளத்துக்கு மாறுவதாகச் செய்தி வந்தபோதுதான், இணையத் தாக்குதல் பற்றிய கவலை முதற்காரணமாக முன்வைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளில் ஒரே தேர்வுக்கான நியாயம் சுதந்திரத்திலிருந்து பாதுகாப்புக்கு இடம்பெயர்ந்திருக்கிறது.

இந்தப் புதிய நியாயத்தின் அடிப்படை, மூலநிரலை எவரும் படிக்கலாம் என்பதால் பிழைகள் மறைந்திருக்க முடியாது என்னும் எண்ணம். திறந்த மூலத்தின் சொந்த வரலாறே இதை ஐயுற வைக்கிறது. 2006 செப்டம்பரில் டெபியனின் பராமரிப்பாளர் ஒருவர், சோதனைக் கருவி ஒன்றின் எச்சரிக்கையை நீக்குவதற்காக ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஒரு சிறு மாற்றம் செய்தார். குறியாக்கத் திறவுகோல்களுக்குத் தேவையான தற்செயல்தன்மை அதனால் அழிந்தது. ஒரே வகைக் கணினியில், ஒரே நீளத்தில் உருவாகக்கூடிய திறவுகோல்கள் 32,768ஆகச் சுருங்கின. 2008 மே மாதம் வரை, ஏறத்தாழ 20 மாதங்கள், அந்த வரிகள் எல்லார் கண்முன்னும் இருந்தன, கேடு கண்டறியப்படவில்லை.

வான்னாக்ரை பரவிய 12ஆம் நாளில், அதாவது 2017 மே 24 அன்று, லினக்ஸ் கணினிகள் விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர உதவும் ‘சாம்பா’ மென்பொருளிலும் கடுமையான ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. 2010 முதல் அது அங்கேயே இருந்தது. 2024இல் வெளிப்பட்ட எக்ஸ்இசட் நிகழ்வு இன்னும் கூர்மையானது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் இயங்கியவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பங்களித்து நம்பிக்கை பெற்று, சோதனைக் கோப்புகளுக்குள் ஒரு பின்கதவை மறைத்துவைத்தார். உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் அதை மார்ச் 29 அன்று வெளிப்படுத்தினார். நிரல் திறந்திருந்ததால்தான் வெளியாளான அவரால் காரணத்தைத் தேடி வேர்வரை செல்ல முடிந்தது. ஆனால் தேட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டியிருந்தது. படிக்க இயல்வது ஒன்று, யாரோ ஒருவர் உண்மையில் படிப்பது மற்றொன்று.

மறுபுறம், வான்னாக்ரை பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை, அப்போதும் ஆதரவு பெற்றுவந்த விண்டோஸ் 7ஐக் கொண்டவை. மருந்து இரண்டு மாதங்களாகக் கையெட்டும் தொலைவில் இருந்தும் அவற்றில் அது இடப்படவில்லை. இந்திய வங்கிகளின் தானியங்கிப் பணப் பொறிகளிலும் இதே மெத்தனம் தென்பட்டது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 ஜூனில், ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு ஓராண்டுக்குள் மாறுமாறு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கெடு விதிக்க வேண்டியிருந்தது.

இந்நிகழ்வுகளை அருகருகே வைத்தால், இயங்குதளத்தின் பெயரைவிட அதைப் பேணும் ஏற்பாடே தீர்மானமான காரணியாகத் தெரிகிறது. கேரளப் பள்ளிகள் பெற்ற பெரும்பேறு லினக்ஸ் வட்டு அன்று. புதிய பதிப்பை உருவாக்கும் ஒரு நிறுவனமும், அதை நிறுவத் தெரிந்த ஆசிரியரும்தான். அந்த ஏற்பாடும் தொடர்ந்து உழைத்தால்தான் பயன் தரும். 2019இல் பள்ளிகளுக்கு வந்த பதிப்பு உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவின் அப்பதிப்புக்கான பொது ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்தது. ஆதரவு முடிந்த லினக்ஸும் ஆதரவு முடிந்த விண்டோஸும் தாக்குபவருக்கு ஒன்றே.

மொழியும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. எச்சரிக்கைப் பெட்டியின் வாசகம் புரியாதபோது, வேலை நடக்கட்டும் என்று ‘சரி’யை அழுத்துவதே மனித இயல்பு. க்னோம் மேசைச்சூழலை மலையாளத்துக்குக் கொண்டுவந்த ‘சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ தன்னார்வலர்களின் பணி பண்பாட்டுத் தொண்டாகவே பெரும்பாலும் பாராட்டப்படுகிறது. பயனர் எதற்கு ஒப்புதல் தருகிறார் என்பதை அவருக்கே தெரியச் செய்யும் அளவில், அது பாதுகாப்புப் பணியும்கூட.

எனவே ஒரு துறையோ ஆய்வு மாணவரோ இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூலநிரல் திறந்திருப்பது ஒரு நல்ல தொடக்கம். இந்தப் பதிப்புக்கு ஆதரவு எந்த ஆண்டு வரை, திருத்தங்களை இடும் பொறுப்பு யாருடையது, எச்சரிக்கைகள் படிப்பவருக்குப் புரியும் மொழியில் வருமா, கோப்புகளின் நகல் வேறோர் இடத்தில் இருக்கிறதா என்பவை அடுத்த கேள்விகள். 2017இல் முடங்கிய அலுவலகங்களில் இக்கேள்விகளுக்கு விடை இருந்திருந்தால், அங்கு எந்த இயங்குதளம் ஓடியிருந்தாலும் இழப்பு மிகவும் குறைந்திருக்கும்.