வீடு வாங்க வரும் அந்நியர் யார்?

அந்நிய நாட்டவர் நமது நாட்டில் வீடும் காணியும் வாங்குவதைத் தடைசெய்ய வேண்டுமா என்ற கேள்வி இலங்கைக்குப் புதியதன்று. நமது பாராளுமன்றம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதற்கு மாறிமாறி விடையளித்து வந்திருக்கிறது. 1963இல் கதவை ஏறக்குறைய மூடியது. 2002இல் திறந்தது. 2004இல் மறுபடியும் மூடியது. 2014இல் பூட்டும் போட்டது. ஒவ்வொரு தடவையும் அனுமதிப்பதா, மறுப்பதா என்ற அளவிலேயே விவாதம் நின்றுவிட்டது. அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வியொன்று உண்டு. அந்நியர் என்பவர் யார்? அதைத் தீர்மானிப்பவர் யார்? இந்நாட்டுத் தமிழர்களுக்கு இக்கேள்வி வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

காணி வெளியார் கைக்குப் போகக்கூடாது என்ற எண்ணம் நமது மண்ணிலேயே பழமையானது. யாழ்ப்பாணத்தின் தேசவழமையை 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்தனர். காணியொன்றை விற்க விரும்புபவர் அதனை முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், குறித்த நிலைமைகளில் அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும் என்பது அதிலுள்ள வழமை. அவர்கள் வேண்டாமென்றால்தான் பிறத்தியாருக்கு விற்கலாம். 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இவ்வுரிமையைப் பங்காளருக்கும் சட்டப்படி உரித்தாகக் கூடியவர்களுக்கும் மட்டுமாகச் சுருக்கியது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. தேசவழமை ஒருவருடைய நாட்டைப் பார்க்கவில்லை. காணியோடு அவருக்குள்ள தொடர்பையே பார்த்தது.

ஆங்கிலேயர் வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் தரிசுகளையும் அரசுடைமை எனக் கருத வழிசெய்தது. அக்காலத்தில் மலைநாட்டில் முடிக்குரிய காணி ஏக்கர் ஒன்று ஐந்து ஷில்லிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியோருள் ஆளுநர் ஸ்டுவர்ட் மெக்கன்சியும் அவருடைய அதிகாரிகளும் இருந்தனர். சட்டத்தை இயற்றியவர்களே காணியையும் வாங்கினர். கண்டியக் கிராமவாசி தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்த நிலத்தில் அந்நியனானான். கடல்கடந்து வந்தவர் உரிமையாளரானார்.

இந்த அநீதிக்குப் பரிகாரம் தேடப் புறப்பட்டபோதுதான் வேறோர் அநீதி நிகழ்ந்தது. டி. எஸ். சேனநாயக்கா விவசாய, காணி அமைச்சராக இருந்த காலத்தில், 1935இல், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. நிலமற்ற விவசாயிக்கு அரசகாணி கொடுப்பது நல்ல நோக்கமே. ஆனால் அந்தக் குடியேற்றங்களில் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்கு இடமளிக்கப்படவில்லை. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டம் கிராம விஸ்தரிப்புக்காகச் சுவீகரிக்கப்பட்டபோது, அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 400 தொழிலாளர் வெளியேறும்படி பணிக்கப்பட்டனர். அதனை எதிர்த்து வேலைநிறுத்தம் மூண்டது. வெள்ளைக்காரத் துரைமாரிடமிருந்து மீட்க வேண்டிய காணியை, அதில் வியர்வை சிந்தியவர்களிடமிருந்து மீட்பதாக அரசு எண்ணிக்கொண்டது. இரண்டாண்டுகளின் பின்னர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதனால் அம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர்.

இந்தப் பின்னணியில்தான் 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தை வாசிக்க வேண்டும். ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா பிரதமராக இருந்தபோது நிறைவேறிய சட்டம் அது. இலங்கைப் பிரஜையல்லாத ஒருவருக்கு ஆதனம் கைமாறினால் அதன் பெறுமதியில் நூறு வீதம் வரியாகச் செலுத்த வேண்டும் என்று அது விதித்தது. பத்து இலட்சம் ரூபா வீட்டுக்கு இருபது இலட்சம் கொடுக்க யார் முன்வருவார்? சொல்லாமற் சொல்லிய தடை அது. அதன் அளவுகோல் பிரஜாவுரிமை. அந்த அளவுகோலைக் கொண்டு அளந்தால் எத்தனை பேர் வெளியே நின்றார்கள் என்பதை அடுத்த ஆண்டே நாடு கண்டது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் தலைவிதியைப் பற்றிப் பேசியது. இங்கேயே பிறந்து, இங்கேயே உழைத்து, வேறொரு வீட்டையும் அறியாத அந்த மக்களும், இலண்டனில் இருந்தவாறு இலாபம் பெற்றுக்கொண்ட கம்பனிப் பங்குதாரரும் ஒரே சொல்லுக்குள் அடங்கினர். அச்சொல் ‘பிரஜையல்லாதவர்’ என்பதாகும். கம்பனித் தோட்டங்கள் 1975இல் தேசியமயமாக்கப்பட்டன. ஆயினும் தொழிலாளியின் லயன் அறை அவனுடையதாகவில்லை.

நூறு வீத வரி 2002இல் நீக்கப்பட்டது. பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகி, வெளிநாட்டு முதலீடு வரும் என்ற எதிர்பார்ப்பு ஓங்கியிருந்த காலம். பத்திரிகைத் துறையில் இருந்த எங்களுக்கு அதன் விளைவை உடனே காணக்கூடியதாக இருந்தது. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட காலிக் கோட்டைக்குள் பழைய வீடுகளை ஐரோப்பியர் வாங்கத் தொடங்கினர். தாழ்வாரமும் முற்றமும் கொண்ட அவ்வீடுகள் அழகாகப் புதுப்பிக்கப்பட்டன. அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் விடுதிகளாகவும் விடுமுறை இல்லங்களாகவும் மாறின. விற்றவருக்கு நல்ல விலை கிடைத்தது. அவருடைய பிள்ளைகள் அதே தெருவில் மறுபடியும் ஒரு வீடு வாங்குவதென்பதை எண்ணிப் பார்க்கவும் முடியாது. 2004இல் ஆட்சி மாறியபின் வரி திரும்பவும் வந்தது.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி பராதீனப்படுத்தல் மட்டுப்பாடுகள் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. 2013 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து வலுப்பெறும் வகையில், அந்நியருக்கும், பங்குகளில் ஐம்பது வீதமோ அதற்கு மேலோ அந்நியர் கையிலுள்ள கம்பனிகளுக்கும் காணி உரித்து மாற்றப்படுவதை அது தடைசெய்தது. விதிவிலக்குகளும் இருந்தன. தொடர்மாடியின் நான்காம் மாடியிலோ அதற்கு மேலோ உள்ள வீட்டை, வெளிநாட்டுப் பணத்தை முழுமையாகக் கொண்டுவந்து வாங்க அச்சட்டம் அன்று இடமளித்தது. 99 ஆண்டுக் குத்தகையும் பெறலாம். மூன்று தலைமுறை அனுபவிக்கக்கூடிய குத்தகைக்கும் உரித்துக்கும் என்ன வேறுபாடு என்பதை வாசகர்களே சிந்தித்துப் பார்க்கலாம். 49 வீதப் பங்கோடு நிற்கும் கம்பனிக்குத் தடையில்லை. பணமுள்ளவருக்கு வாசல்கள் பல.

வாசலில்லாதவர் யார்? 1983க்குப் பின்னர் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு வெளியேறியவர்கள் வாழும் நாட்டில் பிரஜாவுரிமை பெற்றனர். அத்தோடு நமது சட்டத்தின்படி இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்தனர். தகப்பனாரின் முதுசம் வாரிசுரிமையாக வந்தால் அதனைப் பெறுவதற்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுக்கிறது. பிறந்த வீட்டிலுள்ள சகோதரரின் பங்கை விலைகொடுத்து வாங்கப் புறப்பட்டால் அவர் அந்நியர். இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றால் தடை விலகும். ஆனால் 1987இல் ஏற்படுத்தப்பட்ட அந்த வழியும் 2011இல் நிறுத்தப்பட்டு 2015இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. தேசவழமை முதல் உரிமை கொடுத்த அதே பங்காளரைப் புதிய சட்டம் படலைக்கு வெளியே நிறுத்துகிறது.

இதனால் தடையே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. யாழ்ப்பாண நகரை அண்டிய பகுதிகளில் காணி விலை டொரன்டோ, இலண்டன் பணத்தின் அளவிற் பேசப்படுவதை நான் நேரிற் கண்டிருக்கிறேன். ஊரிலேயே நின்று போரைச் சுமந்த ஆசிரியரும் கடற்றொழிலாளியும் அந்த விலைக்கு எங்கே போவார்? ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்குத் திறக்கப்படும் மாடிவீடு நம்மவருடையதாயினும், பூட்டிய வீடு பூட்டிய வீடுதான். வாங்குபவரின் இனமும் மொழியும் விலையைக் குறைப்பதில்லை.

நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவும் 2023 ஜனவரியில் அந்நியர் வீடு வாங்குவதற்குத் தடை விதித்தது. இரண்டாண்டுகளுக்கென வந்த அத்தடை பின்னர் 2027 ஜனவரி 1 வரை நீடிக்கப்பட்டது. ஆனால் அந்தச் சட்டத்தில் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர் அந்நியராகக் கருதப்படுவதில்லை. கடவுச்சீட்டு எந்நாட்டினது என்பதை மட்டும் கொண்டு அங்கே கோடு வரையப்படவில்லை. அந்த மண்ணில் வாழும் உரிமையுள்ளவரா என்பதும் பார்க்கப்படுகிறது. நமது சட்டத்தில் இல்லாதது இந்த வேறுபாடே.

என்னுடைய நிலைப்பாடு இதுதான். வாழ வராமல் விலையேற்றத்துக்காக மட்டும் வரும் பணத்தைத் தடைசெய்ய வேண்டும். 99 ஆண்டுக் குத்தகை என்ற பின்கதவைச் சுருக்க வேண்டும். வாங்கிப் பூட்டிவைக்கும் வீட்டுக்கு, வாங்கியவர் யாராயினும், வரி விதிக்க வேண்டும். அதேவேளை, இந்நாட்டிற் பிறந்தவரும் அவர்தம் பிள்ளைகளும் குடும்பச் சொத்தின் பங்கை மீட்பதற்குத் தெளிவான வழி வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. நாடற்றவராக எஞ்சியிருந்த மலையக மக்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரஜாவுரிமை கிடைத்தது. ஏழு பேர்ச்சஸ் காணி என்ற வாக்குறுதி அதன் பின்னர் வந்தது. ஆயினும் இரண்டு நூற்றாண்டுக் காலமாக வாழ்ந்த மண்ணில் தம் பெயருக்கு உறுதியின்றி லயன் அறைகளில் இருப்போர் இன்னமும் பலர். அந்நியர் காணி வாங்கலாமா என்று விவாதிக்கும் பாராளுமன்றம், அந்நியரல்லாத இவர்களுக்குக் காணியுறுதி எப்போது என்பதற்கு முதலில் விடைகூற வேண்டும்.