சுவரில் துளை இல்லை

ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் வில்லியம் ஹார்வி என்று பட்டென்று சொல்லிவிடுவோம். 1628இல் அவர் வெளியிட்ட நூலின் பெருமையைக் குறைக்க நான் வரவில்லை. ஆனால் அந்த வழியில் ஒரு பாதி, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் நுரையீரலுக்குப் போய்த் திரும்புவது, 1242லேயே அரபியில் எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் இப்னு அல்-நஃபீஸ். டமாஸ்கஸில் மருத்துவம் படித்து, கெய்ரோவில் வைத்தியம் பார்த்தவர்.

அதுவரை எல்லோரும் நம்பியது கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதை. இதயத்தின் வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுவில் உள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியாக ரத்தம் இடது பக்கம் கசிகிறது என்றார் அவர். ஆயிரம் வருஷத்துக்கு மேல் இந்தக் கருத்துதான் நின்றது. மாமேதை இப்னு சீனாவும் கேலனைத்தான் பின்பற்றினார்.

அந்த இப்னு சீனாவின் நூலுக்கு உரை எழுத உட்கார்ந்தவர்தான் நஃபீஸ். உரை எழுதுகிறவர் மூலநூலுக்கு முட்டுக்கொடுப்பதுதான் வழக்கம். இவரோ, அந்தச் சுவர் தடிப்பானது, அதில் தெரியும் துளையும் கிடையாது, தெரியாத துளையும் கிடையாது என்று எழுதிவிட்டார். வலது அறையின் ரத்தம் நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, பிறகுதான் இடது அறைக்கு வர வேண்டும் என்றார். இத்தனைக்கும், மார்க்கத் தடையாலும் இரக்கத்தாலும் உடலை அறுத்துப் பார்ப்பதில்லை என்று அதே உரையில் சொல்லியிருக்கிறார். அப்படியே எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் யோசித்தே இந்த முடிவுக்கு வந்திருக்கிறார். எனக்கு வியப்பு அதில்தான்.

நுரையீரலில் அந்த இரண்டு குழாய்களுக்கும் இடையே நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும் என்றும் அவர் ஊகித்தார். 1661இல் இத்தாலியின் மால்பிகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்தத் தந்துகிகள் கண்ணில் பட்டன. ஹார்வி அதற்கு 4 ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார்.

ஐரோப்பாவில் இதே நுரையீரல் வழியை முதலில் அச்சிட்டவர் செர்வெட்டஸ். 1553இல் ஜெனீவாவில் அவரை உயிரோடு எரித்தார்கள். ரத்த ஓட்டத்தைச் சொன்னதற்காக எரித்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. எரித்தது அவருடைய சமயக் கருத்துகளுக்காக. அந்தக் கண்டுபிடிப்பு இருந்ததும் ஒரு சமய நூலுக்குள்தான்.

நஃபீஸின் உரையோ கையெழுத்துப் படியாகவே கிடந்தது. ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த எகிப்திய மருத்துவர் தத்தாவி, 1924இல் பெர்லின் நூலகத்தில் ஒரு படியைக் கண்டு, அதை வைத்தே தன் ஆய்வேட்டை எழுதினார்.