செவியை அடைத்தவர் யார்?

சங்கீத சபைகளிலே கூட்டம் குறைகிறதாம்! முன் வரிசையிலே நரைத்த தலைகள், பின் வரிசைகளிலே வெற்று நாற்காலிகள் என்று வித்வான்கள் வேதனைப்படுகின்றனர். இளைஞருக்கு இரசனை இல்லை, சினிமா கெடுத்துவிட்டது என்று காரணமும் கற்பிக்கப்படுகிறது. காரணம் அதுதானா, தோழர்களே? தக்கலையிலிருந்தே சரித்திரத்தைச் சற்றுப் புரட்டுவோம்.

நம் ஊரை அடுத்து பத்மநாபபுரம் அரண்மனை. அதிலே நவராத்திரி மண்டபம். கல்லால் ஆன கூடம், முகம் பார்க்கலாம் போன்ற தரை. மன்னர் அமர்ந்து கேட்டார். அந்தப்புரத்து மாதர் மரச்சட்டத் துளைகளின் வழியே கண்டனர். அந்தக் கல்லைச் சுமந்தவன்? மன்னருக்கு நெல் அளந்தவன்? மதிலுக்கு வெளியே நின்றான். தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகு, சரஸ்வதி சிலை ஆண்டுதோறும் இங்கிருந்து ஊர்வலமாக அங்கே போகிறது. நவராத்திரிக் கச்சேரியும் அங்கேதான். அந்த மேடையிலே ஒரு பெண் அமர்ந்து பாட 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. பாறசாலை பொன்னம்மாள் பாடினார். கலைமகள் பெயரால் விழா, கலைமகளிர்க்கு இடமில்லை! திருவிதாங்கூரிலே கோயிற் கதவு எல்லார்க்கும் திறந்ததே 1936 நவம்பர் 12இல்தான். கதவைச் சாத்தியவர்கள் இன்று கூட்டத்தைக் காணோமென்று கலங்குகிறார்கள்.

கல் மதில் போதாதென்று மொழி மதில் வேறு. தியாகராசருக்கு முன்பே முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தா பிள்ளையும் தமிழிலே கீர்த்தனைகள் இயற்றினர். தஞ்சையிலே ஆபிரகாம் பண்டிதர் என்ற சித்த மருத்துவர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டுத் தமிழிசையின் தொன்மைக்கு வாதாடினார். ஆயினும் கச்சேரியிலே தமிழுக்குக் கிடைத்தது கடைசியிலே துக்கடா! 1941இல் அண்ணாமலை நகரிலே தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. தமிழ்நாட்டிலே தமிழிலே பாடு என்று கேட்க ஓர் இயக்கமே தேவைப்பட்டதை எண்ணிப் பாருங்கள். 1946இல் திருவையாற்றிலே தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதால் சந்நிதி தீட்டுப்பட்டுவிட்டதாகப் பேச்செழுந்தது. அதைச் சாடி இளைஞர் கருணாநிதி 'குடி அரசு' ஏட்டிலே எழுதினார்.

அதே தேசிகர் பாரதிதாசன் பாடல் ஒன்றைத் தேஷ் இராகத்திலே அமைத்தார். அண்ணாவின் 'ஓர் இரவு' 1951இல் படமானபோது அது கொட்டகைதோறும் ஒலித்தது. சபைப் படியை மிதித்தறியாதவர்களும் தேஷ் என்ற பெயரை அறியாமலே அதை முணுமுணுத்தனர். சினிமா கெடுத்தது என்போர் இதற்கு என்ன விடை சொல்வர்?

கேட்கும் செவி இம்மண்ணிலே இல்லாமலா போயிற்று? நாஞ்சில் நாட்டுக் கொடை விழாக்களிலே வில்லும் குடமும் உடுக்கையும் முழங்க, இரவெல்லாம் மக்கள் அமர்ந்திருப்பர். அந்த வில்லைத்தான் நாகர்கோவில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் பகுத்தறிவு பேசப் பழக்கினார். தக்கலையிலே பீர் முகம்மது அப்பா தர்காவின் ஆண்டு விழாவிலும் அவருடைய ஞானப்புகழ்ச்சியை இரவு முழுதும் கூடிப் பாடுகின்றனர். பக்தியை விடுங்கள், தோழர்களே, செவியைப் பாருங்கள்! புரிகின்ற தமிழ், உட்கார ஒரு தரை, விரட்டாத வாசல். இவ்வளவே அவர்கள் கேட்டது.

தமிழிசை வென்ற பிறகும் வேலை பாதியிலே நிற்கிறது. மொழி மாறியது, பொருள் மாறவில்லை. கடவுளரைப் புகழ்ந்தே காலம் கழிகிறது. பாட்டின் கருத்தும் மாற வேண்டும் என்று பெரியார் அன்றே கேட்டார். சென்னையிலே 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் நடுவிலே டி. எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் இசை விழா நடத்தினர். வரவேற்கிறோம். ஆனால் சங்கீதம் குப்பத்துக்குப் போனால் மட்டும் போதாது. குப்பத்துப் பறையும் சபை மேடைக்கு வரவேண்டும், தானமாக அல்ல, சமமாக.

பள்ளிகளிலே தொடங்கலாம். பாட்டுக்குத் தனி ஆசிரியர் இல்லாத பள்ளிகள் பல. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மோகனமும் வில்லுப்பாட்டும் ஒரே வகுப்பிலே, தமிழிலே, கட்டணமின்றிக் கிடைக்கட்டும். பத்தாண்டு கழித்துச் சபைக்காரர்கள் நாற்காலிகளை எண்ணட்டும்.